மாம்பழக் கிடங்கில் ஒரு மரக்குதிரை

என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாகலாபுரம் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் சம்பளப் பட்டியலில் என் பெயரைத்தான், அதுவும் தெலுங்கில். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம் உண்டு. பிழைகளை என் மகள் பார்த்துத் திருத்தினாள். அவள் கண்ணுக்குத் தப்பியவற்றை மன்னித்துவிடுங்கள்.

திருப்பதியில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் நான் அட்டெண்டர். கூடத்தில் காவல் நிற்பது எனக்குச் சரிப்பட்டு வராத வேலை. மலைக்குப் போய்விட்டு வருகிற ஜனங்கள் கற்சிலைகளைக் கண்டால் குங்குமம் வைக்கப் போவார்கள். வைக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பக்கத்தில் போய் நிற்பேன், அவ்வளவுதான். நான் நிற்பதைப் பார்த்து அவர்களாகவே கையை இழுத்துக்கொண்டால் உண்டு. இதைக் கவனித்த எங்கள் பொறுப்பாளர் மேடம், என்னைக் கூடத்திலிருந்து எடுத்துப் பின்னாலிருக்கும் ஸ்டோரில் போட்டார். பார்வைக்கு வைக்காத பொருள்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும். கதவுச் சட்டங்கள், தேர்ப் பலகைகள், செப்புப் பாத்திரங்கள், துணியில் சுற்றிய சின்னச் சின்ன உருவங்கள். அவை என்னிடம் எதுவும் கேட்காது. எனக்கு அந்த இடம் சொர்க்கம்.

மேடம் என்னைவிட வயதில் சின்னவர். பழம்பொருளைப் பாதுகாப்பதையே படிப்பாகப் படித்துவிட்டு வந்தவர். என்னை அண்ணா என்று கூப்பிடுவார். அவரிடம் நான் கற்ற முதல் பாடம், ஒரு பொருளைத் தூக்குவதற்கு முன்னால் அதை இறக்கி வைக்கப் போகிற இடத்தைத் தயார் செய்ய வேண்டும் என்பது. கேட்கும்போது இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். கையில் கனத்தோடு இடம் தேடி நின்றவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

வெதுருகுப்பம் பக்கத்தில் ஒரு சின்னப் பெருமாள் கோயில். அங்கே உற்சவத்துக்குப் புதிதாக ஒரு குதிரை வாகனம் செய்துகொண்டார்கள். பழைய மரக்குதிரையை அருங்காட்சியகத்துக்குத் தருவதாகச் சொன்னார்கள். வேனில் போய் வாங்கிக்கொண்டு வந்தவன் நான்தான். கோயில் பட்டர் அதன் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"ஒடஞ்ச வாகனத்த நெருப்புல போடறதுதான் வழக்கம். எனக்கு மனசு வரல. பாத்துக்கோ."

சரி என்று தலையாட்டினேன். தலையாட்டியதும் ஒரு வாக்குத்தானே.

ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கும் குதிரை அது. ஒரு முன்னங்கால் தூக்கியிருக்கும். பச்சைப் பிடரி, சிவப்புச் சேணம், இரண்டு பெரிய வெள்ளைக் கண்கள். ஒரு காது உடைந்து தனியாக ஒரு பொட்டலத்தில் வந்தது. ஸ்டோரில் நிறுத்திய சில வாரங்களில் அதன் வயிற்றுக்குக் கீழே தரையில் சலித்த மாவு போல ஏதோ விழுந்து கிடந்தது. துடைத்தேன். மறுநாளும் விழுந்தது. மேடம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "உளுவண்டு" என்றார். உடம்பெல்லாம் குண்டூசித் துளைகள். உள்ளே புழு மரத்தைத் தின்றுகொண்டிருந்தது. வண்டாக வெளியே பறந்தால் பக்கத்துத் தேர்ப் பலகைகளுக்கும் போய்விடும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பெரிய அதிகாரி ஸ்டோரைப் பார்க்க வந்தார். அவர் கெட்டவர் இல்லை. தேர்ப் பலகைகளை ஒரு பார்வை பார்த்தார், குதிரையை ஒரு பார்வை பார்த்தார்.

"ஒண்ணுக்காக மத்த எல்லாத்தையும் பலி குடுக்க முடியாதும்மா. இத வெளிய எடுத்துடுங்க."

வெளியே என்றால் கொல்லைப்பக்கம். கொல்லைப்பக்கம் போன மரம் எங்கே போகும் என்று எங்களுக்குத் தெரியும். மேடம் விடவில்லை. மருந்து அடித்தால் வர்ணம் கெடும், ஆனால் கடுங்குளிரில் கொஞ்ச நாள் வைத்தால் புழுவும் முட்டையும் உள்ளேயே செத்துவிடும், எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்டார். அதிகாரி யோசித்தார்.

"சரி. வைத்தியம் பாருங்க. அப்புறம் ஒரு மழைக்காலம் தனி ரூம்ல நிக்கட்டும். மழை முடியறதுக்குள்ள புதுசா ஒரு துளை தெரிஞ்சாலும் நான் கேக்க மாட்டேன், போயிடணும். ஒண்ணும் இல்லைன்னா கூடத்துலயே வெச்சுக்கோங்க."

குதிரையைக் குளிரில் வைப்பது என்றால் எங்கே வைப்பது? முதலில் அந்த உடைந்த காதை மட்டும் பிளாஸ்டிக்கில் சுற்றி, எதிரே இருக்கும் ஐஸ்கிரீம் கடை ஃப்ரீசரில் வைத்துப் பார்த்தோம். குளிரில் வர்ணம் உரிகிறதா என்று தெரிய வேண்டும். கடைக்காரர் தினமும் என்னைப் பார்த்ததும், "இன்னாபா, உங்க சாமி காதுல போய் எங்க கடைக்கு ஏவாரம் ஆவணும்னு சொல்லிட்டேன், கேக்குமா?" என்பார். காது நன்றாக வெளியே வந்தது. வர்ணத்தில் ஒரு பொருக்குக்கூட எழும்பவில்லை.

முழுக் குதிரைக்கு இடம் சொன்னது என் மனைவியின் தம்பி. அவன் சித்தூரில் மாம்பழக் கூழ் ஏற்றும் லாரி ஓட்டுகிறான். பழத் துண்டுகளை உறைய வைக்க அங்கே குளிர்க் கிடங்குகள் உண்டு. மாம்பழக் காலம் தொடங்கும்வரை சில அறைகள் காலியாகக் கிடக்கும்.

"இன்னா மாமா, குதிரைக்கு ஜொரமா? ஐஸு வெக்கணுமா?" என்று போனில் சிரித்தான். பிறகு அவனே முதலாளியிடம் பேசி, மேடத்தையும் பேச வைத்தான். முதலாளி ஒப்புக்கொண்டார். கிளிமூக்கு மாங்காய் வரத்துத் தொடங்குவதற்குள் அறையைக் காலி செய்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் பேச்சு.

குதிரையைப் பருத்தித் துணியில் சுற்றி, அதன்மேல் கனமான பிளாஸ்டிக்கால் மூடி, எல்லா விளிம்பையும் டேப் போட்டு ஒட்டினோம். கண்ணும் மூக்கும் பிளாஸ்டிக் வழியாக மங்கலாகத் தெரிந்தன. சித்தூரில் இறக்கியபோது கிடங்கின் சுமை ஆட்கள் ஒருவர் விடாமல் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். அவர்களுடைய மேஸ்திரி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "பெருமாள் ஏறுன வாகனம்டா, மொகம் முன்னால போவணும்" என்றார். முகம் முன்னால் போகவே உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது.

அதற்குப் பிறகு தினமும் மச்சான் போன் செய்வான். "நல்லாக்கீது மாமா. இன்னும் கனைக்கல."

குதிரையை எடுக்க வேண்டிய நாளில் மேடத்துக்கு விஜயவாடாவில் தட்ட முடியாத ஒரு கூட்டம் வந்துவிட்டது. என்னைத் தனியாகத்தான் அனுப்பினார். போவதற்கு முன்னால் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"ஐஸ் தண்ணி டம்ளர் மேல வேர்க்கும் பாருங்க அண்ணா, அந்த மாதிரி வெளிக்காத்து பட்டா குதிரை மேலயும் தண்ணி கட்டிக்கும். மரம் குடிச்சுதுன்னா வர்ணம் அப்படியே எழும்பிடும். நம்ம இடத்துக்கு வந்து, குளிர் முழுக்க எறங்குறவரைக்கும் பிளாஸ்டிக் பிரியக் கூடாது. கிழியவும் கூடாது."

சித்தூரில் எனக்கு ஒரு கம்பளிக் கோட்டு கொடுத்தார்கள். அறைக்குள் போனால் மூச்சு மூக்கிலேயே உறைகிறது. குதிரை கதவுக்கு முதுகைக் காட்டி நின்றது. நாங்கள் முகம் முன்னால் போக உள்ளே விட்டோம், அதனால் இப்போது வால்தான் கதவுப் பக்கம். மேஸ்திரி நின்று விட்டார்.

"வால் பக்கமா வெளிய இட்டாரக் கூடாது அண்ணா. திருப்பிட்டுத்தான் எடுக்கணும்."

இப்படியே இழுத்துக்கொண்டு போனால் ஆபத்தே இல்லை. ஆனால் எனக்கும் அவர் சொன்னது சரி என்றே பட்டது. நானும் அதே ஊர்ப்பக்கத்து ஆள்தானே. வாகனம் புட்டத்தைக் காட்டிக்கொண்டு வெளியே வருவதா? திருப்புங்கள் என்று நானும் தலையசைத்தேன். இரண்டு பக்கமும் இரும்பு அடுக்குகள். நடுவில் கிடைத்த சந்தில் தூக்கி, சாய்த்து, மூச்சுப் பிடித்துத் திருப்பினார்கள். எல்லோருக்கும் பெருமை. முகம் முன்னால் வர, குதிரை வாசலுக்கு வந்தது.

வாசல் வெளிச்சத்தில்தான் பார்த்தேன். அடுக்கின் இரும்பு முனை பிளாஸ்டிக்கைக் கழுத்திலிருந்து தோள்வரை கிழித்திருந்தது. உள்ளே சுற்றிய துணியும் விலகியிருந்தது. சித்தூர் வெயில் காலத்துக் காற்று அந்தக் கிழிசலுக்குள் புகுந்துகொண்டிருந்தது. பச்சைப் பிடரியின் மேல் வெள்ளையாகப் பனி பூத்தது. இன்னும் கொஞ்ச நேரம் வெளியே நின்றால் அந்தப் பனி தண்ணீராகும்.

"உள்ள, உள்ள கொண்டு போங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவருக்கு மட்டும் கேட்டது.

"உள்ளயா? எப்பிடி, பின்னாலயா?"

"ஆமா, பின்னால. சீக்கிரம்."

மேஸ்திரி குதிரையைப் பிடித்த பிடியை விடாமலேயே மறுத்தார். "முன்ன வெச்ச கால வாகனம் பின்ன வெக்கக் கூடாது அண்ணா. வாசப்படி வரைக்கும் வந்துட்டுது."

"எங்க ஊருல தேர் பின்னால நகந்துது, அந்த வருஷம் மாங்காய்க்கு வெலையே இல்ல" என்றான் ஒருவன்.

"தேரு நகந்ததாலயாடா? நீ பிஞ்சுலயே பறிச்சு வித்த, அதால" என்றான் இன்னொருவன்.

"சிரிக்காதீங்கடா, கனம் கைய அறுக்குது."

"மாமா, எதுனா சொல்லு" என்று லாரிப் பக்கமிருந்து மச்சான் கத்தினான்.

என்ன சொல்வது? தண்ணீர் கட்டும், மரம் குடிக்கும், வர்ணம் எழும்பும் என்று மேடம் சொன்னதையெல்லாம் சொல்ல நேரம் இல்லை. சொன்னாலும் அவர்கள் காலைப் பின்னால் வைக்கப் போவதில்லை. அவர்களுடைய இடத்தில் நான் இருந்தாலும் வைத்திருக்க மாட்டேன். பனி பிடரியிலிருந்து காதுப்பக்கம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் மூளைக்குத் தோன்றுவதற்கு முன்னால் அது வாயில் வந்துவிட்டது.

"வையாளி!" என்று கத்தினேன்.

இந்தப் பக்கத்துப் பெருமாள் கோயில்களைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குதிரை வாகனத்தன்று பெருமாளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் சும்மா நடந்து வர மாட்டார்கள். நிஜக் குதிரை பாய்வது போல முன்னால் ஓடுவார்கள், சட்டென்று பின்னால் போவார்கள், மறுபடி பாய்ந்து வருவார்கள். அதற்குப் பெயர் வையாளி. பெருமாள் பின்வாங்கிவிட்டார் என்று அன்றைக்கு யாரும் சொல்வதில்லை. அவர் பின்னால் போகப் போகத்தான் ஜனங்களுக்கு உற்சாகம் ஏறும்.

"வையாளி போடுங்க! குதிரை வாகனம்தானே! பின்னால போயி முன்னால வரணும், போடுங்க!"

அவ்வளவு பெரிய குரல் எனக்குள் எங்கே இருந்தது என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு கணம் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மேஸ்திரியின் முகம் மலர்ந்தது.

"அட, ஆமாண்டா! வையாளிடா!"

"கோவிந்தா!" என்று ஒருவன் குரல் கொடுத்தான். "கோவிந்தா!" என்று கிடங்கே பதில் சொன்னது. கணக்கு எழுதுகிறவர்கூட அறையை விட்டு வெளியே வந்து பார்த்தார். குதிரை ஒரு முறை முன்னால் குலுங்கியது. பிறகு அலை பின்வாங்குவது போல, தூக்கியிருந்தவர்கள் ஒரே தாளத்தில் கால் வைக்க, மெத்தென்று பின்னால் போனது. கடைசி ஆள் உள்ளே போனதும் கதவை இழுத்து மூடினேன்.

உள்ளே, பனி தண்ணீர் ஆகியிருக்கவில்லை. அரிசித் தவிடு போல உலர்ந்த தூளாகவே இருந்தது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு மென்மையான தூரிகை வைத்திருப்பேன். அதைக் கொண்டு தட்டித் தட்டி எடுத்தேன். வர்ணம் அசையவில்லை. ஆனால் கிழிசலை மூடப் போனால் டேப் ஒட்ட மாட்டேன் என்கிறது. அந்தக் குளிரில் பசை செத்துப்போயிற்று. கோட்டுக்குள் வைத்துச் சூடாக்கி ஒட்டினேன். உதிர்ந்து விழுந்தது.

"டேப் எதுக்கு அண்ணா?" என்றார் மேஸ்திரி. பெட்டிகளை அடுக்கி மேலே சுற்றுவார்களே, தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பிளாஸ்டிக் சுருள், அதை ஒரு மூலையிலிருந்து எடுத்து வந்தார். "பெட்டி பெட்டியா மாங்காய்க்கே சுத்தறோம். பெருமாள் குதிரைக்குச் சுத்த மாட்டமா?"

சுற்றினார்கள். நான் ஒரு பக்கம் பிடிக்க, அவர் குதிரையைச் சுற்றிச் சுற்றி வந்தார். கழுத்து, தோள், மறுபடி கழுத்து. பிரதட்சணம் செய்வது போலவே இருந்தது. பிறகு கதவைத் திறந்தோம். யாரும் சொல்லாமலே கோவிந்தா என்று கத்திக்கொண்டு, குதிரையைப் பாய விட்டபடி நேராக லாரியில் கொண்டுவந்து ஏற்றினார்கள். கடைசியில் எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார்கள். நானும் சத்தம் போட்டுச் சிரித்தேன்.

மேடத்துக்குப் போன் செய்து நடந்ததை அப்படியே சொன்னேன். திருப்பியதையும் சேர்த்து.

"தூரிகையால எடுத்தீங்களா? உள்ள இருக்கும்போதேவா?"

"ஆமா மேடம்."

"அப்ப பொழச்சுது" என்றார்.

குளிர் முழுக்க இறங்கிய பிறகு திருப்பதியில் மேடம்தான் பிரித்தார். பச்சை, சிவப்பு, வெள்ளை எல்லாம் போனபடியே வந்திருந்தன. ஆனால் எங்கள் பரீட்சை அதற்குப் பிறகுதான். தனி அறையில் குதிரையை நிறுத்தி, கீழே கருப்புத் துணி விரித்தோம். மேடம் பழைய துளைகள் ஒவ்வொன்றையும் சிவப்பு மெழுகால் அடைத்தார். புதிதாகத் துளை விழுந்தால் மெழுகு இல்லாமல் தனியாகத் தெரியும். குதிரையின் மேல் அம்மை போட்டது போல ஆகிவிட்டது. காலையில் வந்ததும் என் முதல் வேலை அந்தத் துணியைப் பார்ப்பது.

மழை பிடித்துக்கொண்ட பிறகு ஒரு நாள், துணியின் மேல் மாவு கிடந்தது.

பட்டருடைய கை குதிரையின் முதுகைத் தடவியது நினைவுக்கு வந்தது. ஓடிப் போய் மேடத்தைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியோடு குனிந்து வெகு நேரம் பார்த்தார். மெழுகு வைத்த இடம், கால் இடுக்கு, வயிறு, வால் என்று ஒன்று விடாமல்.

"புதுத் துளை ஒண்ணும் இல்லை அண்ணா. இந்த மாவப் பாருங்க, பழுப்பா இருக்கு. புதுசுன்னா வெளுப்பா இருக்கும். இது உள்ள தங்கியிருந்த பழசு, பலகை இடுக்கு வழியா உதிர்ந்திருக்கு." பக்கத்து அறையில் முந்தின நாள் முழுக்க மின்சார ஆட்கள் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அதிர்வுதான். "இருந்தாலும் நான் சொல்றது சரியான்னு மழைதான் சொல்லணும்."

துணியை உதறி மறுபடி விரித்தேன். ஐப்பசி போயிற்று. கார்த்திகையில் தெருவெல்லாம் தண்ணீர், ஸ்டோர்ச் சுவரே வியர்த்தது. வண்டுக்குப் பிடித்த காலம் அது. துணி கருப்பாகவே இருந்தது. மார்கழியிலும் கருப்பாகவே இருந்தது.

தை பிறந்ததும் பெரிய அதிகாரி வந்தார். சொன்ன சொல்லை அவர் மறக்கவில்லை. மேடத்தின் கண்ணாடியை வாங்கி அவரே பார்த்தார். முட்டி போட்டு வயிற்றுக்கு அடியிலும் பார்த்தார். கருப்புத் துணியில் விரலைத் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்தார். விரல் சுத்தமாக இருந்தது.

"பாகுந்தி" என்றார். நன்றாக இருக்கிறது என்று. பிறகு மேடத்தைப் பார்த்து, "கூடத்துல எங்க நிறுத்தப் போறீங்க?" என்று கேட்டார்.

மேடம் என்னைப் பார்த்தார். அந்த இடத்தை நான் முந்தின வாரமே பெருக்கி, அளந்து, மேடை போட்டு வைத்திருந்தேன்.

"வாசலுக்கு நேரா சார்" என்றேன். கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

மெழுகையெல்லாம் எடுத்து, காதை ஒட்டி, அன்று பிற்பகலே குதிரையைக் கூடத்துக்குக் கொண்டுபோனோம். சித்தூரிலிருந்து மச்சானும் மேஸ்திரியும் லாரியிலேயே வந்துவிட்டார்கள், தூக்குவதற்குத் தங்களைத் தவிர யாரையும் விடக் கூடாது என்று. வெதுருகுப்பத்திலிருந்து பட்டர் வந்து மேடைக்கு முன்னால் நின்றார். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு விழுந்து கும்பிட்டார். அவர் எழுந்திருக்கும்வரை கூடத்தில் இருந்த ஜனங்கள் எல்லோரும் வழிவிட்டு நின்றார்கள். மேஸ்திரி என் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தார். இரண்டு நாள் வலித்தது. அந்த வலி எனக்குப் பிடித்திருந்தது.

இன்றைக்கும் குதிரை அங்கேதான் நிற்கிறது, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி. நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

மாசி மாதம் பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.